சேலத்திலிருந்தே தொடங்கலாம்: உப்பு ஏரி ஜெல்லிமீன்களைப் படிக்க ஒரு வழிகாட்டி

சேலத்திலிருந்து கடலைப் பார்க்க அரை நாள் பயணம் வேண்டும். அதனாலேயே கடல் உயிரியலில் ஆசை உள்ள இங்குள்ள பிள்ளைகள் பலர், அது தூத்துக்குடிக்காரர்களுக்கும் நாகப்பட்டினத்துக்காரர்களுக்கும் உரிய படிப்பு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. நிலம் சூழ்ந்த உப்பு ஏரிகளில் ஜெல்லிமீன்கள் லட்சக்கணக்கில் பெருகுகின்றன. சில ஆண்டுகளில் ஒன்றுகூட மிஞ்சாமல் மறைந்துபோகின்றன. ஏன் என்று புரிந்துகொள்ளத் தேவையான பழக்கங்கள் அனைத்தையும் சேலத்துக் குளங்களிலும் ஏற்காட்டு ஏரியிலும் கற்றுக்கொள்ளலாம். கடலுக்குப் போவது கடைசிப் படி.

ஒரு செய்தியை மட்டும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நீரில் மிதக்கும் ஜெல்லிமீன்களின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அடியில் பாறையிலோ வேரிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் சில மில்லிமீட்டர் உயரமுள்ள, பாலிப் என்ற ஓர் உருவம். எல்லோர் பார்வையும் மேலே இருக்கும்போது, அந்தச் சிறிய உருவத்தைத் தேடிப் பழகுகிறவரே இந்தத் துறையில் முன்னேறுகிறார். கீழே வரும் படிகள் எல்லாம் அதை நோக்கியே போகின்றன.

எந்த ஏரிகளைப் பற்றிப் பேசுகிறோம்

பசிபிக் பெருங்கடலில் பலாவ் என்ற சிறிய தீவு நாடு இருக்கிறது. அதன் பாறைத் தீவுகளில் ஒன்றான மெக்கெர்ச்சரில், காட்டுக்கு நடுவே ஓர் உப்பு ஏரி. உலகம் அதை ஜெல்லிமீன் ஏரி என்று அழைக்கிறது. பரப்பு 5.7 ஹெக்டேர்தான், ஆழம் சுமார் 30 மீட்டர். பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன், சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தில் கடல்நீர் ஏறி இந்த ஏரி உருவானது. இன்றும் பாறை வெடிப்புகள் வழியாகக் கடல்நீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து போகிறது. ஆனால் பெரிய உயிர்கள் வர வழியில்லை.

அங்கே வாழும் பொன்னிற ஜெல்லிமீன் மாஸ்டிஜியாஸ் பப்புவா என்ற இனத்தின் ஒரு கிளையினம். பலாவின் ஐந்து ஏரிகளில் ஐந்து கிளையினங்கள் தனித்தனியே உருவாகியிருக்கின்றன. 2005இல் அவற்றுக்கு அந்நாட்டுக் குடியரசுத் தலைவர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். இந்தோனேசியாவின் கக்கபான் தீவில் இன்னொரு ஏரி. அதில் நான்கு வகை ஜெல்லிமீன்கள் சேர்ந்து வாழ்கின்றன. குரோஷியாவின் மிலெட் தீவு ஏரியில் நிலா ஜெல்லிமீன் எனப்படும் ஆரேலியா இருக்கிறது.

திறந்த கடலில் ஒரு கூட்டத்தை இன்று எண்ணினால், நாளை நீரோட்டம் அதை எங்கோ கொண்டுபோயிருக்கும். எண்ணிக்கை குறைந்தது இறப்பாலா, இடப்பெயர்ச்சியாலா என்று பிரித்தறிவது கடினம். ஏரியில் அந்தச் சிக்கல் இல்லை. கரை தெரியும், ஆழம் தெரியும், உள்ளே இருப்பவை உள்ளேயே பிறந்து உள்ளேயே மடிகின்றன. புதியவர்களுக்கு உப்பு ஏரியை நான் பரிந்துரைப்பது இதற்காகத்தான்.

முதல் படி: வாழ்க்கைச் சுற்றை வரைந்து பழகுங்கள்

கையில் பென்சில் எடுத்து ஒரு வட்டம் வரையுங்கள். ஆண், பெண் ஜெல்லிமீன்கள் கருமுட்டையை உண்டாக்குகின்றன. அதிலிருந்து பிளானுலா என்ற நுண்ணிய புழு நீந்திப் போய், கெட்டியான ஒரு பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் பாலிப் ஆகிறது: கீழே ஒரு தண்டு, மேலே வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். பாலிப் மொட்டு விட்டுத் தன்னைப் போன்ற பாலிப்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வெப்பம், உணவு, பருவம் ஆகியவை தகுந்தபடி மாறும்போது அதன் மேற்பகுதி பிரிந்து, எஃபைரா என்ற குட்டியாக நீந்திப் போகிறது. அந்தக் குட்டி வளர்ந்து குடை விரிந்தால், நாம் எல்லோரும் அறிந்த மெட்டூசா.

ஆரேலியாவின் ஒரு பாலிப் ஒரே முறையில் பல எஃபைராக்களை விடும். மாஸ்டிஜியாஸ் பாலிப் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் விடும். ஓர் ஏரியில் எந்த இனம் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதற்கான பதிலில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலேயே இருக்கிறது. பாலிப்பும் மெட்டூசாவும் வெவ்வேறு விலங்குகள் என்றுதான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நினைத்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று காட்டியவர் நார்வேயின் மீக்கேல் சார்ஸ். அவர் ஒரு பாதிரியார். கடலோரத்தில் தன் கண்ணால் பார்த்துப் பார்த்தே அதைக் கண்டுபிடித்தார்.

வட்டத்தை மனப்பாடமாக வரைய முடிகிற வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் படி: ஒரு ஊறுகாய் பாட்டிலில் அடுக்கு ஏரி

ஜெல்லிமீன் ஏரியின் நீர் மேலிருந்து கீழ்வரை ஒன்றல்ல. மேலே சுமார் 15 மீட்டர் வரை ஆக்சிஜன் உண்டு. அதற்குக் கீழே ஆக்சிஜன் அறவே இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைந்த நஞ்சு நீர். இரண்டுக்கும் நடுவே இளஞ்சிவப்பு நிறப் பாக்டீரியாக்கள் ஒரு தளமாக மிதக்கின்றன. நஞ்சு தோல் வழியாகவே உடலில் ஏறும் என்பதால் அங்கே காற்று உருளையோடு மூழ்க அனுமதி கிடையாது. மேல் நீரும் கீழ் நீரும் ஏன் கலப்பதில்லை? வீட்டிலேயே பாருங்கள்.

அகன்ற வாயுள்ள ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் நீரில் 18 கிராம் கல்லுப்பைக் கரைத்தால் ஏறத்தாழக் கடல்நீர் அளவு உப்பு வரும். கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். அதில் பீட்ரூட் சாறு ஒரு தேக்கரண்டி ஊற்றிக் கலக்கிப் பாட்டிலின் கீழ்ப்பாதியை நிரப்புங்கள். நீர் முழுவதும் அசைவற்று நிற்கட்டும். இப்போது ஒரு கரண்டியின் முதுகை உப்பு நீரின் மேற்பரப்பில் தொடுமாறு பிடித்து, அதன்மேல் நல்ல நீரை நூல் இழையாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் கலங்கிவிடும். நிதானமாக ஊற்றினால் கீழே சிவப்பும் மேலே தெளிவுமாக, நடுவில் கத்தியால் வெட்டியது போன்ற ஒரு கோடு நிற்கும்.

விசிறியால் மேற்பரப்பில் காற்று வீசுங்கள். மேல் நீர் சுழலும், கோடு கொஞ்சம் ஆடும், சிவப்பு மேலே ஏறாது. ஏரியின் மேல் அடிக்கும் காற்றும் இதைத்தான் செய்கிறது. மறுநாள் பாருங்கள், கோட்டின் விளிம்பு மங்கியிருக்கும், ஆனாலும் இரண்டு அடுக்குகள் தெரியும். உப்பு அதிகமுள்ள நீர் எடை மிகுந்தது, அது கீழேயே கிடக்கிறது. பலாவில் மழை நீர் மேலே, அடர்ந்த உப்பு நீர் கீழே. சுற்றிலும் உள்ள குன்றும் காடும் காற்றைத் தடுக்கின்றன. அதனால் கலவை நடப்பதில்லை.

அதே பாட்டிலில் மேல் நீரையும் கீழ் நீரையும் ஒரே உப்பளவில் வைத்துத் திரும்பச் செய்யுங்கள். கோடு நிற்காது. மழை பொய்த்த ஆண்டில் ஏரியின் மேலடுக்குக்கு என்ன நேரும் என்று அப்போது உங்களுக்கே ஊகிக்க முடியும்.

மூன்றாம் படி: குளத்தில் ஹைட்ராவைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. எத்தனை பேருக்குச் சொன்னாலும் அலுக்காது.

ஜெல்லிமீனின் பாலிப்பை நேரில் பார்க்கக் கடல் வேண்டும். அதன் நெருங்கிய உறவான ஹைட்ராவைப் பார்க்க நன்னீர்க் குளம் போதும். சுத்தமான, அதிகம் சாக்கடை கலக்காத குளத்திலிருந்து வேலம்பாசி ஒரு பிடி, அல்லி இலைத் துண்டு ஒன்றிரண்டு, அந்தக் குளத்து நீர் ஆகியவற்றைக் கண்ணாடி ஜாடியில் எடுத்து வாருங்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரியின் கரையோரம், ஏற்காட்டில் தோட்டத்துக் குட்டைகள் என எங்கும் முயன்று பார்க்கலாம். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஜாடியை நேர் வெயில் படாத ஜன்னலோரம் ஓர் இரவும் பகலும் வையுங்கள். ஹைட்ரா வெளிச்சத்தை நோக்கி நகரும்; ஜன்னல் பக்கக் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் குளத்தில் கிடைக்காவிட்டால் அடுத்த குளம்.

கைலென்ஸில் பாருங்கள். அரை சென்டிமீட்டர் தண்டு, உச்சியில் நூல் நூலாக உணர்கொம்புகள். ஈர்க்குச்சியால் தொட்டால் முழு உடலும் ஒரு புள்ளியாகச் சுருங்கும். சில நிமிடங்களில் மெல்ல மெல்ல நீளும். விலாவில் சிறிய மொட்டு துருத்திக்கொண்டிருந்தால் அது அடுத்த தலைமுறை.

அலங்கார மீன் கடைகளில் ஆர்ட்டீமியா என்ற, உப்பு நீரில் வாழும் சிற்றிறால் வகையின் முட்டை கிடைக்கும். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, காற்றுக் குழாய், வெளிச்சம் இவை இருந்தால் சேலத்து வெப்பத்தில் ஒரே நாளில் பொரியும். பொரிந்த குஞ்சுகளை மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல நீரில் அலசி, ஹைட்ராவுக்குக் கொடுங்கள். துள்ளித் துள்ளி நீந்தும் குஞ்சு உணர்கொம்பில் பட்டதும் சட்டென்று நின்றுபோகும். உணர்கொம்பிலுள்ள கொட்டும் செல்கள் வெடித்து நஞ்சைச் செலுத்திவிட்டன. பிறகு கொம்பு மடங்கி இரையை வாய்க்குக் கொண்டுபோகும். ஜெல்லிமீன் இரை பிடிப்பதும் இப்படியேதான்.

குழாய் நீரை ஊற்ற வேண்டாம்; குளோரின் கொன்றுவிடும். குளிர்ந்த நீரை விரும்பும் உயிர் இது. சித்திரை வைகாசியில் சேலத்தில் வைத்துக்கொள்வது கடினம், கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம்.

இனி உண்மையான ஆராய்ச்சி. இரண்டு ஜாடிகளில் ஐந்தைந்து ஹைட்ரா விடுங்கள். ஒன்றுக்குத் தினமும் உணவு, மற்றதற்கு வாரம் இருமுறை. வாரம் ஒரு நாள் இரண்டிலும் எண்ணி எழுதுங்கள். தாளில் இரண்டு கோடுகள் பிரிந்து போவதைப் பார்ப்பீர்கள். ஹைட்ராவுக்கு மெட்டூசா நிலை கிடையாது என்பதை மறக்க வேண்டாம். ஆனால் உணவு கூடினால் பாலிப் கூட்டம் எப்படிப் பெருகும் என்பதை இதைவிட நேராகக் காட்டும் பாடம் வேறில்லை.

நான்காம் படி: நான்கு கருவிகள்

விலை உயர்ந்த எதுவும் வேண்டாம்.

தெளிவு பார்க்கும் தட்டு: 20 சென்டிமீட்டர் எவர்சில்வர் தட்டை நான்கு பாகமாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கறுப்பும் வெள்ளையும் அடியுங்கள். நடுவில் கயிறு கட்டி, அடியில் எடை தொங்கவிடுங்கள். கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. நைலான் கயிறு நனைந்தால் நீளும். நனைத்த பிறகே அளந்து முடிச்சுப் போடுங்கள். நீரில் இறக்கும்போது எந்த ஆழத்தில் தட்டு மறைகிறதோ அதுவே நீரின் தெளிவு. 1865இல் இத்தாலியின் ஆஞ்சலோ செக்கி தொடங்கிவைத்த முறை, இன்றும் பயன்படுகிறது.

ஆழத்து நீர் எடுக்கும் பாட்டில்: கனமான கண்ணாடி பாட்டிலில் கல்லைக் கட்டி, தக்கை வைத்து மூடுங்கள். பாட்டிலுக்கு ஒரு கயிறு, தக்கைக்குத் தனிக் கயிறு. வேண்டிய ஆழம் போனதும் தக்கைக் கயிற்றைச் சுண்டினால் அந்த ஆழத்து நீர் நிரம்பும். மேலே இழுத்தவுடன் வெப்பமானியை விடுங்கள். தாமதித்தால் வெயில் அளவை மாற்றிவிடும்.

உப்பு பார்க்க, இறால் பண்ணைக்காரர்கள் பயன்படுத்தும் ரிஃப்ராக்டோமீட்டர். காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். வீட்டில் லிட்டருக்கு 10, 20, 35 கிராம் உப்புள்ள கரைசல்கள் தயாரித்து வாசித்துப் பழகுங்கள்.

கடைசியாக வலை. லேத் பட்டறையில் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள கம்பி வளையம் செய்து தருவார்கள். மெல்லிய நைலான் வலைத் துணியைக் கூம்பாகத் தைத்து வளையத்தில் கோத்து, நுனியில் சிறிய பிளாஸ்டிக் பாட்டில் கட்டுங்கள். கூம்பின் நீளம் வளைய விட்டத்தைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். வலைக் கண் மிகச் சிறியதாக இருந்தால் பாசியில் அடைத்துக்கொண்டு நீர் வெளியே வழியும், கணக்கு தவறாகும். பெரிதாக இருந்தால் எஃபைரா தப்பிவிடும். ஒரே வலையால் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது; குட்டிகளுக்கு ஒன்று, பெரியவற்றுக்கு ஒன்று என இரண்டு வலை வைத்துக்கொள்வதே நல்லது.

ஐந்தாம் படி: ஏற்காட்டு ஏரியில் ஒத்திகை

ஏற்காட்டு ஏரி நன்னீர் ஏரி. நிலா ஜெல்லிமீனோ பொன்னிற ஜெல்லிமீனோ அங்கே வாழ முடியாது. ஆனாலும் ஓர் ஏரியை அளப்பது எப்படி என்று பழக இதைவிட அழகான இடம் எங்கே கிடைக்கும்? 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, காற்று அடங்கியிருக்கும் காலை வேளையில் போய்ச் சேருங்கள். படகுத் துறையில் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். உயிர்காப்பு உடை அணியாமல் படகில் ஏற வேண்டாம்.

ஏரி நடுவில் ஓர் இடம், மர நிழல் விழும் கரையோரம் ஓர் இடம், வெயில் படும் கரையோரம் ஓர் இடம். மூன்றிலும் தெளிவு, மேல் நீர் வெப்பம், அடி நீர் வெப்பம் எழுதுங்கள். வலையை அடிவரை இறக்கி, சேற்றைத் தொடாமல், நேராக மேலே இழுங்கள். வேகம் நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் வேண்டாம். அதே இடத்தில் மூன்று முறை இழுங்கள். மூன்றிலும் ஒரே எண்ணிக்கை வராது. அந்த வேறுபாட்டையும் அப்படியே எழுதுங்கள். நல்ல எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பது பெரும் தவறு. கிளியூர் அருவியில் நீர் கொட்டும் மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை இதையே செய்தால், மண் கரைந்து வரும்போது தெளிவு எவ்வளவு குறைகிறது என்பது கண்ணெதிரே தெரியும். பொன்னிற ஜெல்லிமீனுக்குத் தெளிவு உயிர்நாடி. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து அதற்கு உணவின் பெரும்பகுதியைத் தருகின்றன.

வலையில் நாணயம் அளவுள்ள கண்ணாடி போன்ற குடை ஒன்று வந்தால் திகைக்க வேண்டாம். நன்னீரிலும் ஜெல்லிமீன் உண்டு. சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த கிராஸ்பெடகஸ்டா, 1880இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவின் அல்லித் தொட்டியில் முதலில் கவனிக்கப்பட்டது. இப்போது உலகெங்கும் பரவியிருக்கிறது. நம் நாட்டிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில், சதாரா பகுதியில், லிம்னோக்னிடா இண்டிகா என்ற நன்னீர் ஜெல்லிமீனை விலங்கியலாளர் நெல்சன் அனந்தேல் விவரித்தார். அப்படி ஏதேனும் கிடைத்தால் உயிரோடு படம் எடுத்து, இடம், தேதி, நீர் வெப்பம் எழுதி, அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறைக்குக் காட்டுங்கள்.

ஆறாம் படி: எண்ணுவது

வலை வளையத்தின் பரப்பு: 3.14 × 0.25 × 0.25, அதாவது 0.196 சதுர மீட்டர். 10 மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்தால் வலைக்குள் புகுந்த நீர் சுமார் 2 கன மீட்டர். அதில் 14 மெட்டூசாக்கள் என்று வைத்துக்கொண்டால், கன மீட்டருக்கு 7.

இதைப் பலாவ் ஏரிக்குப் பொருத்திப் பாருங்கள். 5.7 ஹெக்டேர் என்பது 57,000 சதுர மீட்டர். உயிர் வாழத்தக்க மேல் 15 மீட்டரைப் பெருக்கினால் 8,55,000 கன மீட்டர். ஏழால் பெருக்கினால் சுமார் 60 லட்சம் ஜெல்லிமீன்கள். 14 என்பது பயிற்சிக்காக நான் எடுத்துக்கொண்ட எண்தான். ஆனால் அந்த ஏரியின் பொன்னிற ஜெல்லிமீன்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 50 லட்சம் என்ற அளவு எங்கிருந்து வருகிறது என்று இப்போது உங்களுக்குப் புரியும். வலையில் விழும் பத்துப் பதினைந்துதான் லட்சமாக விரிகிறது. ஆகவே வலையில் இரண்டு குறைந்தால் ஏரியில் எட்டரை லட்சம் குறைந்துவிடும். எண்ணுகிறவர் பொறுமையோடு எண்ண வேண்டியது இதனால்தான்.

இந்தக் கணக்கில் இரண்டு பொறிகள் உண்டு. ஏரியின் கரை சரிவானது. எல்லா இடத்திலும் 15 மீட்டர் ஆழம் இருக்காது. அடுத்தது, ஜெல்லிமீன்கள் பரவலாக இருப்பதில்லை. பொன்னிற ஜெல்லிமீன்கள் காலையில் கிழக்கே, பிற்பகலில் மேற்கே என்று வெயிலைத் தொடர்ந்து நீந்துகின்றன. மர நிழலின் விளிம்பில் திரும்பிவிடுகின்றன, ஏனெனில் நிழல் விழும் கரையோரத்தில் அவற்றைப் பிடித்துத் தின்னும் வெண்ணிறக் கடல் அனிமோன்கள் காத்திருக்கின்றன. காலை பத்து மணிக்குக் கிழக்குக் கரையில் மட்டும் வலை வீசுகிறவருக்கு ஏரி நிரம்பி வழிவதாகத் தோன்றும். மேற்குக் கரையில் நிற்பவருக்கு ஏரியே காலி. ஏரியைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எண்ணி, பரப்புக்கு ஏற்பச் சராசரி எடுப்பதே முறை.

எண்ணிக்கையோடு குடை விட்டத்தையும் அளக்கத் தவறாதீர்கள். எல்லாமே பெரியவையாக இருந்து குட்டிகளே இல்லையென்றால், கூட்டம் இன்று பெரிதாக இருந்தாலும் பாலிப்கள் எஃபைரா விடுவதை நிறுத்திவிட்டன என்று பொருள். சில மாதங்களில் எண்ணிக்கை சரியும்.

கையில் எடுக்கும் முறையும் முக்கியம். மெட்டூசா உடலில் 95 சதவீதத்துக்கு மேல் நீர். வெந்த ஜவ்வரிசியை விரல்களால் தூக்குகிற பக்குவம்கூடப் போதாது. நீருக்குள்ளேயே குவளையை அதன் அடியில் கொண்டுபோய் நீரோடு அள்ளுங்கள். அளந்ததும் அதே நீரில் விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். உடல் சுருங்கி அளவும் மாறும், உயிரும் வீணாகும்.

ஏழாம் படி: பழைய பதிவுகளைப் படியுங்கள்

1997, 98இல் எல் நினோ என்ற வானிலை மாற்றம் வந்தது. பலாவ் ஏரியின் நீர் சூடேறியது, உப்பும் ஏறியது. 1998 இறுதிக்குள் பொன்னிற மெட்டூசாக்கள் ஒன்றுகூட இல்லாமல் மறைந்தன. சுற்றுலாப் பயணிகள் இனி அந்த ஏரி அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். ஆனால் அடியில் பாலிப்கள் பிழைத்திருந்தன. நீர் குளிர்ந்த பின் அவை எஃபைரா விட்டன. 2000இல் கூட்டம் மீண்டும் தலைகாட்டியது. 2005இல் ஏறத்தாழ 3 கோடியை எட்டியது. 2016இல் கடும் வறட்சியில் மறுபடி சரிவு, மறுபடி மெல்ல மீட்சி. மேலே மட்டும் பார்த்தவருக்கு இது அழிவும் அதிசயமும். பாலிப்பை அறிந்தவருக்கு இது விதை நிலத்தில் இருக்க, பயிர் காய்ந்த கதை. பவளத்திட்டு ஆய்வு அறக்கட்டளை ஒன்று அந்நாட்டிலேயே இருந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் விடாமல் எண்ணி வந்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

எல்லா இடத்திலும் பெருக்கம் இயற்கையால் வருவதில்லை. ஸ்பெயினின் மார் மெனோர் கடற்கழியில் 1990களில் ஜெல்லிமீன்கள் அளவுகடந்து பெருகின. சுற்றியுள்ள பாசன நிலங்களின் உரச்சத்து நீரில் கலந்தது முக்கியக் காரணம். மீனவர்களுக்குக் கூலி கொடுத்து வாரி அகற்றினார்கள். உலகின் மிகப் பெரிய உள்நாட்டு உப்பு நீர்நிலையான காஸ்பியனில், அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த நெமியாப்சிஸ் என்ற சீப்பு ஜெல்லி கப்பல்கள் ஆடாமல் நிற்க எடைக்காக ஏற்றிச் செல்லும் நீரோடு வந்து 1999இல் கண்டறியப்பட்டது. அதற்குப் பாலிப் நிலையே இல்லை. ஒரே உயிர் தானே முட்டையிட்டுத் தானே கருவாக்கும். சிறு மீன்களின் உணவையெல்லாம் அது தின்றுவிட, கில்கா என்ற சிறு மீனின் பிடிப்பு பெரும் வீழ்ச்சி கண்டது. மூடிய நீர்நிலைக்குள் விழுந்த உரமானாலும் அந்நிய உயிரானாலும் வெளியே போக வழியில்லை. சேலத்து ஏரிகளில் சாக்கடை கலப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டாம் படி: ஆற்றோடு கடலுக்கு

ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதி வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அங்கேதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. ஆத்தூர், விருத்தாசலம் வழியாகச் சிதம்பரம் போய்ச் சேரலாம். புவனகிரிப் பாலத்தில் ஒரு பாட்டில், பரங்கிப்பேட்டையில் ஒரு பாட்டில், முகத்துவாரத்தில் ஒரு பாட்டில் நீர் எடுத்து உப்பு பாருங்கள். ஓதம் ஏறும் நேரமா, இறங்கும் நேரமா என்று எழுதாத அளவு எதற்கும் உதவாது.

பலாவைப் போல முழுவதும் அடைபட்ட ஏரியை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு நெருங்கி வருவது பழவேற்காடு. மணல் திட்டு முகத்துவாரத்தை அடைக்கும் காலத்தில் அது ஏரியாகிவிடும். கோடையில் கடலைவிடவும் உப்பு ஏறும், வடகிழக்குப் பருவமழையில் பெரிதும் நீர்த்துப்போகும். பறவைகள் சரணாலயப் பகுதியில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது.

மீனவர்களிடம் ஜெல்லிமீன் என்று கேட்பதைவிட சொறி என்று கேளுங்கள். எந்த மாதம் வலையில் அதிகம் விழுகிறது, எந்தக் காற்றில் வருகிறது, எந்த நிறம் கடிக்கும், எது கடிக்காது என்று அவர்கள் சொல்வதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் குளிர்நீர் வாயிலை ஜெல்லிமீன் கூட்டம் வந்து அடைப்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்துவரும் செய்தி. அதே கூட்டத்தைக் கரையிலிருந்து பார்த்தவர்கள் மீனவர்கள்தான்.

பலாவில் பொன்னிற ஜெல்லிமீன்களுக்கு நடுவே மக்கள் நீந்துகிறார்கள். அவற்றின் கொட்டும் செல்கள் நம் தோலில் உணர முடியாத அளவு மென்மையானவை. அந்தத் துணிச்சலை வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுவரக் கூடாது. கரையில் செத்துக் கிடப்பதும் கொட்டும். கொட்டிவிட்டால் கடல்நீரால் மட்டும் கழுவுங்கள். நல்ல நீர் ஊற்றினாலோ தேய்த்தாலோ வெடிக்காமல் இருந்த செல்களும் வெடிக்கும். ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுங்கள். மூச்சுத் திணறலோ, நெஞ்சு வலியோ, பரவும் வீக்கமோ இருந்தால் உடனே மருத்துவமனை.

கடற்கரையில் எல்லோரும் மெட்டூசாவைப் படம் எடுப்பார்கள். நீங்கள் பாலிப்பைத் தேடுங்கள். படகுத் துறைக்காரரிடம் அனுமதி வாங்கி, சொரசொரப்பான ஓடு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் படுக்கைவாட்டில் தொங்கவிடுங்கள். பிளானுலாக்கள் பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தில்தான் ஒட்டும். மேலே சேறு படிந்துவிடும். ஒரு மாதம் கழித்து ஓட்டை நீருக்குள்ளேயே தட்டில் வாங்கி, கவிழ்த்து, கைலென்ஸில் ஓரத்திலிருந்து வரிசையாகப் பாருங்கள். சிப்பிகளும் பாசிகளும் முதலில் கண்ணில் படும். அவற்றின் இடுக்கில், ஹைட்ராவில் பார்த்துப் பழகிய அதே தண்டும் உணர்கொம்புகளும் தெரிகின்றனவா என்று தேடுங்கள். பார்த்தால் எண்ணி எழுதிவிட்டு, ஓட்டை அதே இடத்தில் திரும்பத் தொங்கவிடுங்கள்.